மூக்கில் ஏறிய காற்று

கருவாட்டு வாடை, சாக்கடை வாடை, ஆஸ்பத்திரி வாடை. இன்றைக்கு வாடை என்ற சொல்லை நாம் எடுப்பதே பெரும்பாலும் மூக்கைச் சுளிப்பதற்குத்தான். பூவுக்கு மணம், சந்தனத்துக்கு வாசனை, கொதிக்கிற ரசத்துக்கு வாசம் என்று நல்லதையெல்லாம் மற்ற சொற்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதியை இதன் தலையில் கட்டியாயிற்று. அதிலிருந்து இன்னும் ஓரடி தள்ளி, 'அந்த வீட்டு வாடையே ஆகாது', 'அரசியல் வாடை படாத மனுஷர்', 'படிப்பு வாடையே இல்லாத குடும்பம்' என்றும் பேசுகிறோம். அங்கே மணமும் இல்லை, நாற்றமும் இல்லை. சும்மா ஒரு சாயல், ஒரு படுதல், அவ்வளவுதான்.

கடலோர ஊரில் ஐப்பசி ராத்திரியில் ஒரு பாட்டி, "சன்னலைச் சாத்துடா ராசா, வாடை அடிக்குது" என்று சொன்னால், பட்டணத்திலிருந்து லீவுக்கு வந்த பேரன் சாக்கடை எங்கே என்று தேடுவான். பாட்டி சொன்னது காற்றை. வடக்கிலிருந்து வருகிற காற்றை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருளைத்தான் அவள் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் காற்று திரும்புகிற நாட்களில்தான் தமிழ்நாட்டில் வேனில் முடிந்து அடுத்த பருவம் பிறக்கிறது. சொல்லைப் பின்தொடர்ந்து போனால் அந்தப் பருவத்திலேயே கொண்டுபோய் விடும்.

பழந்தமிழில் நான்கு திசைக்கும் நான்கு காற்று உண்டு. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. தென்றல் 'தென்' என்பதிலிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வாடையும் அப்படித்தான்: வட என்பதன் முதலெழுத்து நீண்டு வாடை ஆயிற்று. சுடு சூடாவதும், கெடு கேடாவதும், படு பாடாவதும் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழகியவை. இதுவும் அந்த வழியில் போனதுதான். கொண்டல் கொள் என்ற வினையிலிருந்து, நீரை முகந்துகொண்ட மேகத்துக்குப் பெயராகி, அதைத் தள்ளிக்கொண்டு வரும் கீழ்க்காற்றுக்கும் ஆகியிருக்கிறது.

கோடைதான் கொஞ்சம் பேச வைக்கும். மேற்குக்குப் பழைய பெயர் குடக்கு. மேல்நாட்டுச் சேரனுக்குக் குடவர்கோ என்று பெயர். வடவிலிருந்து வாடை வந்ததுபோலக் குடவிலிருந்து கோடை வந்தது என்று கொள்வோர் உண்டு. குடையைக் 'கொடை' என்றும், உடம்பை 'ஒடம்பு' என்றும் சொல்கிற வாய்க்கு உகரம் ஒகரமாவது பெரிய காரியமில்லை. வெயிலின் கொடுமையால் கோடை என்று சொல்வாரும் உண்டு. எனக்கு முதல் வழிதான் சரியாகப் படுகிறது. மற்ற காற்றெல்லாம் பிறந்த இடத்தாலோ சுமந்து வரும் சரக்காலோ பெயர் பெற்றிருக்க, இது ஒன்று மட்டும் குணத்தால் பெயர் பெற்றது என்பது ஒட்டவில்லை.

நான்கும் ஒன்றாகப் புறப்பட்டவை. போய்ச் சேர்ந்த இடம் வேறு வேறு. தென்றல் கவிஞர்களிடம் மாட்டிக்கொண்டது. பெண் குழந்தைக்குப் பெயராகவும், பத்திரிகைக்குப் பெயராகவும் இன்றுவரை சுகமாக இருக்கிறது. கொண்டல் மேகமாகிக் கண்ணனின் நிறத்துக்கு உவமையாகப் போய்விட்டது. கோடை, காற்று என்ற பொருளை உதறிவிட்டுப் பருவமாகவே மாறிவிட்டது. அதிலும் ஒரு வேடிக்கை: பள்ளிக்கூடங்களில் 'கோடை விடுமுறை' விடுவது ஏப்ரல், மே மாதங்களில், மேல்காற்று சுழற்றிச் சுழற்றி அடிப்பதோ ஆனியிலும் ஆடியிலும். விடுமுறை முடிந்து பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் உண்மையான கோடை ஜன்னல் கதவைப் படபடவென்று அடிக்கிறது. வாடைக்கு வாய்த்தது மூக்கு.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த மேல்காற்றைப் பற்றித்தான். அரபிக்கடலிலிருந்து வந்து, மலைக்கு அந்தப் பக்கம் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வெறுங்கையோடு இந்தப் பக்கம் வருகிறது. வறண்ட காற்று, வேகம் மட்டும் குறையாது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது ஆரல்வாய்மொழி வாசலில்தான். காற்றாலையின் தலை எப்போதும் காற்றுக்கு எதிரே திரும்பிக்கொள்ளும்படி அமைந்தது. ஆடியில் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் வரிசை வரிசையாக எல்லாம் மேற்கே பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். கார்த்திகையில் போனால் அதே வரிசை முகத்தைக் கிழக்கும் வடக்குமாக வைத்துக்கொண்டு, பாதிக்குமேல் சும்மாவும் நிற்கும். இவ்வளவு பெரிய திசைகாட்டியைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் பார்க்க முடியாது. பார்த்துச் சொல்பவர்கள்தான் குறைவு.

இந்த இரண்டு காற்றுக்கும் நடுவில் புரட்டாசி நிற்கிறது. பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று ஊரில் சொல்லும் மாதம். மேல்காற்று ஓய்ந்துவிட்டது, கீழ்க்காற்று இன்னும் எழவில்லை. தென்னை ஓலை அசையாது. புழுக்கம் சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். இந்த நாட்களில் கவனித்துப் பார்த்தால் மழை தன் நேரத்தை மாற்றிக்கொள்வது தெரியும். ஆவணி வரைக்கும் சென்னை மாதிரியான ஊர்களில் மழை என்றால் சாயங்கால மழை: பகலெல்லாம் வெயில் காய்ந்து, நாலு மணிக்கு மேற்கே கறுத்து, இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஐப்பசி பிறந்ததும் அது விடியற்காலை மழையாகிறது. ராத்திரி மூன்று மணிக்குக் கடல் பக்கமிருந்து வந்து ஓட்டின்மேல் சடசடக்கும். எட்டு மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது வெளுத்திருக்கும், அல்லது வெளுக்காமலே இருந்து விடுமுறை அறிவிப்புக்காகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைக்கும். மாலை மழை தரையின் சூட்டில் பிறந்தது, விடியல் மழை கடலில் பிறந்தது. பெய்கிற நேரத்தைக் கொண்டே எந்தக் காற்றின் ஆட்சி நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வெளிச்சமும் சத்தமில்லாமல் கரைகிறது. ஜூலையில் ஆறரைக்கு மேலும் தெருவில் பந்தாட்டம் நடக்கும் சென்னையில், நவம்பர் நடுவில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் போய்விடுகிறது. அடுக்களையில் அப்பளம் நமுத்துப்போகிறது, தீப்பெட்டி நமுத்துப்போகிறது, உப்பு நீர்விடுகிறது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளக்காரர்கள் பாத்தியை விட்டு எழுந்துகொள்கிறார்கள். மேல்காற்று காய்ச்சிக் கொடுத்த உப்பைக் கீழ்க்காற்று கரைத்துவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வானிலைத் துறை வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவிப்பதற்கு வைத்திருக்கும் விதிகளைப் படித்தபோது எனக்கு ஓர் ஆனந்தம். மழை பெய்தால் மட்டும் போதாது. தென்மேற்குப் பருவக்காற்று ஏறக்குறைய 15 பாகை வடக்கு அட்சரேகை வரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கடற்கரையில் தரைக்காற்று கிழக்கிலிருந்து விடாமல் வீச வேண்டும். அந்தக் கீழ்க்காற்று மேலே சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரை நிற்க வேண்டும். பிறகுதான் மழை பரவலாகப் பெய்கிறதா என்ற கேள்வி. நான்கில் மூன்று விதி காற்றைப் பற்றியது. அக்டோபர் 10க்கு முன்னால் எவ்வளவு கொட்டினாலும் அறிவிப்பு இல்லை. வழக்கமான தேதி அக்டோபர் 20. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி இந்தக் காற்றை நம்பியிருக்கிறது. ஆசிய நிலப்பரப்பு வெயில் தணிந்து குளிர, அங்கே காற்றழுத்தம் ஏறுகிறது. இன்னும் சூடாகவே இருக்கிற தெற்குக் கடலை நோக்கிக் காற்று இறங்கி வருகிறது. வழியில் வங்கக்கடலின் ஈரத்தை வாரிக்கொள்கிறது. திசை கணக்குப் பார்த்தால் இது வாடையும் கொண்டலும் கலந்த காற்று. ஐப்பசியில் கொண்டல் பங்கு கூடுதல், அதனால் மழை. மார்கழியை நெருங்க நெருங்க வாடைப் பங்கு கூடும், அதனால் குளிர்.

பழைய இலக்கணம் ஆண்டை ஆறாகப் பிரித்தது. ஆவணியும் புரட்டாசியும் கார்; ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்; பிறகு முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நம் பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கும் இலையுதிர்காலம் இந்த ஆறில் இல்லை. நம் அரசமரமும் வேம்பும் இலையை உதிர்ப்பது மாசியிலும் பங்குனியிலும். ஐப்பசியில் அவை கழுவிவிட்டதுபோலப் பச்சையாக நிற்கின்றன. மேப்பிள் மரம் சிவக்கிற நாடுகளுக்கு அந்தப் பெயர் பொருத்தம். இங்கே வேனில் போனதற்கு அடையாளம் இலையில் இல்லை, காற்றில் இருக்கிறது. தொல்காப்பியர் கூதிரைக் குறிஞ்சிக்குக் கொடுத்தார். அந்தக் கூதிரின் காற்று வாடை.

அந்த வாடையைப் பெயரிலேயே வைத்திருக்கும் பாட்டு நெடுநல்வாடை. பத்துப்பாட்டில் ஒன்று, நக்கீரர் பாடியது, 188 அடி. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தபோது நம் கைக்கு வந்தது. பெயருக்கு நச்சினார்க்கினியர் சொல்லும் விளக்கம் அழகானது: கணவனைப் பிரிந்து அரண்மனையில் கிடக்கும் அரசிக்கு அது முடியாமல் நீளும் வாடை, அதனால் நெடு, பாசறையில் வெற்றிக்காகக் காத்திருக்கும் அரசனுக்கு அது நன்மை தரும் வாடை, அதனால் நல். ஒரே காற்று, இரண்டு வீடு. வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்ததைச் சொன்னதால் அது பாண்டியன் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது அகப்பாட்டு ஆகாது என்று உரைகாரர்கள் வழக்காடுவார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். பருவம் மாறுவதை அந்தப் பாட்டு எந்தெந்தப் பொருளில் வைத்துக் காட்டுகிறது என்று பார்ப்போம்.

விசிறியைப் பாருங்கள். கைதேர்ந்த வினைஞன் அழகாகச் செய்த சிவந்த வட்ட விசிறி. வேனில் முழுக்கக் கையைவிட்டு இறங்காதது. இப்போது சுருக்கப்பட்டு முளையில் தொங்குகிறது. அதன்மேல் சிலந்தி வெள்ளை நூல் பின்னிவிட்டது. காற்று திரும்பி எத்தனை நாளாயிற்று என்று நக்கீரர் சொல்லவில்லை, சிலந்தி சொல்கிறது. மேல்மாடியில் வேனிற்காலப் படுக்கையறை. தென்றல் வருவதற்கென்றே வைத்த ஜன்னல், இன்றைக்கு அதன் கதவு இறுகச் சாத்தித் தாழிட்டுக் கிடக்கிறது. வடநாட்டார் கொண்டுவந்த வெண்ணிற வட்டக் கல்லும் தென்னாட்டுச் சந்தனக்கட்டையும் அரைப்பாரில்லாமல் ஒரு மூலையில் கிடக்கின்றன. குறுகிய வாய்ச் செம்பில் குளிர்ந்த நீர் அப்படியே இருக்கிறது; எல்லாரும் அகன்ற வாய்த் தடாவில் மூட்டிய நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். யாழின் நரம்பு குளிரில் சுருதி விட்டுப்போக, ஆடல் மகளிர் அதை மார்பின் சூட்டில் தடவிச் சரிசெய்கிறார்கள். வெளியே புதர்தோறும் வெள்ளை முசுண்டையும் பொன்னிறப் பீர்க்கும். செங்கால் ஆண்புறா பெடையோடு இரைதேடப் போகவில்லை. இரவு எது பகல் எது என்று விளங்காமல், கூரையடிப் பலகையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கிறது.

எனக்குப் பிடித்த இடம் பிச்சிப்பூ. வானம் மூடியிருக்கிறது, பொழுது சாய்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பெண்கள் பிச்சி அரும்பைத் தட்டில் பறித்து வைத்திருக்கிறார்கள். அது இதழ் விரிந்து மணந்ததும் 'அந்தி வந்துவிட்டது' என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சூரியனை மூக்கால் கண்டுபிடிக்கிற இந்த இடம் வாடையின் பெயரால் அமைந்த பாட்டிலேயே இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கதவெல்லாம் சாத்திய வீடு, உள்ளே அகிற்புகை, தட்டில் பிச்சி, ஈரம் தங்கிய சுவர் என்று பார்த்தால், வாடைக்கால வீடு மணத்தால் நிறைந்த வீடு. வேனிலில் மணம் நில்லாது. திறந்த ஜன்னல் வழியே வெளியே போய்விடும்.

இனி ஒரு சந்தேகம் வரும். மதுரையில் ஐப்பசி ராத்திரி எவ்வளவு குளிர்ந்தாலும் 23, 24 டிகிரிதான். அதற்குப் போய் இடையர்கள் நெருப்பில் கையைக் காய்ச்சிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நடுங்கினார்கள் என்று பாடலாமா? தில்லிக்காரர் சிரிப்பார். ஆனால் அதே 23 டிகிரியில் சென்னையில் விடிகாலை நடைப்பயிற்சிக்கு வருபவர்களின் குரங்குக் குல்லாவைப் பார்த்தவர்கள் நக்கீரரைக் குறை சொல்ல மாட்டார்கள். குளிரை அளப்பது பழகிய உடம்பு, தெர்மாமீட்டர் அப்புறம்தான்.

காற்று எப்படி நாற்றமாயிற்று? நாம் இன்னும் பயன்படுத்தும் வினைச்சொற்களே இதற்குச் சாட்சி சொல்கின்றன. மணம் வீசுகிறது, காற்றும் வீசுகிறது. வாடை அடிக்கிறது, காற்றும் அடிக்கிறது. மணம் பரப்புவதற்கென்று தமிழுக்கு 'நாறு' என்ற தனி வினையே இருந்தும், மணத்துக்குக் காற்றின் வினையைக் கடன் கொடுத்திருக்கிறோம். முதலில் 'வாடையில் மீன் மணக்கிறது' என்று இருந்திருக்கும். பிறகு மீன் வாடை அடித்தது. கடைசியில் மீனின் வாடையாகவே ஆகிவிட்டது. தூக்கி வந்தவன் பெயரே சரக்குக்கு ஆகிவந்தது. மலையாளத்திலும் இதே கதை: அங்கே வாட என்றால் நாற்றம், வாடக்காற்று என்றால் வடகாற்று. இரண்டு மொழியும் பிரிவதற்கு முன்பே இந்த மாற்றத்துக்கு விதை விழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

'வாடு' என்ற வினையிலிருந்து, வாடிய பூவின் மணம் வாடை என்று சொல்லிப் பார்க்கலாம். எனக்கு அது நிற்கவில்லை. பழைய வழக்கில் நல்ல மணத்துக்கும் வாடை உண்டு; கிராமத்தில் இன்றும் 'மல்லி வாடை', 'மண் வாடை' என்று முகம் மலர்ந்தே சொல்கிறார்கள். வாட்டம் அதில் எங்கே இருக்கிறது? கெட்ட மணம் என்று சாய்ந்தது பிற்பாடுதான். நாற்றத்துக்கும் அதே தலைவிதி நேர்ந்தது. ஒரு காலத்தில் பூவுக்கு நாற்றம் இருந்தது, இப்போது சொன்னால் பூக்காரம்மா அடிக்க வருவார்.

பத்திரங்களில் 'வடக்கு வாடை வீடு' என்று வருகிறதே, அது வேறு வாடை. தெருவின் ஒரு பக்கத்து வரிசை என்று பொருள். வேர் வேறு, கதை வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக மட்டும் சொன்னேன்.

நகரம் மூக்குக்குக் கொடுத்துவிட்ட சொல்லைக் கரை விடவில்லை. சோழமண்டலக் கரையிலும் ஈழத்திலும் மீனவர்களுக்கு வாடை இன்னும் காற்றுதான். கொண்டலும் அவர்களிடம் காற்றாகவே இருக்கிறது. கோடை இருந்த இடத்தில் மேல்காற்றுக்குக் கச்சான் என்ற பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது. தெற்கத்திக் காற்றுக்கு யாழ்ப்பாணத்தில் சோழகம். இதில் கச்சானுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு: ஈழத்தில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். திருவிழாவில் 'கச்சான் வேண்டுமோ' என்று கேட்டால் தமிழ்நாட்டு மீனவர் வானத்தைப் பார்ப்பார்.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் பலருக்கு நினைவிருக்கும். 1978இல் இலங்கையில் திரைப்படமாகவும் வந்தது. வாடை பெயர்ந்ததும் நெடுந்தீவுக்கு வந்து கரையில் வாடி என்னும் தற்காலிகக் குடில் அமைத்து மீன்பிடிக்கும் மனிதர்களின் கதை. அந்தப் பெயரை நகரத்து வாசகர் காதல் பாட்டு மாதிரி வாசிக்கலாம். கடலோர வாசகருக்கு அது ஒரு தொழில் நாட்காட்டி: எந்த மாதம், எந்தக் கரை, எந்த மீன், யார் வருவார்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். தமிழகக் கரையில் ஐப்பசிக்குப் பிறகு காற்று மட்டும் திரும்புவதில்லை, கடல் நீரோட்டமும் திரும்புகிறது. மாசி முதல் புரட்டாசி வரை வடக்கே ஓடியது, கூதிரில் தெற்கே ஓடத் தொடங்குகிறது. வலை போடுகிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. சொல்லை மறக்க அவருக்கு வசதியில்லை.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பட்டங்கள் ஏறுவதும் இந்தக் காற்றில்தான். பட்டத்தின் தலையில் விண் பூட்டுவார்கள்: வளைத்த கம்பில் நாரை இழுத்துக் கட்டியது. வாடை அதில் பட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் எழும். ராத்திரியிலும் பட்டத்தை இறக்காமல் கட்டிவிட்டுப் படுத்தால், ஊருக்கே கேட்கும். சத்தம் குறைந்தால் காற்று விழுகிறது என்று படுக்கையிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

உள்நாட்டு ஊர்களில் வாடை காற்றாக இல்லாமல் போனாலும், அதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சங்க காலத்தில் குளிர்காற்றுக்கு ஊதை என்று இன்னொரு பெயர். அது இன்றும் 'ஊதக்காத்து' என்று திண்ணைகளில் புழங்குகிறது. பிள்ளையை வெளியே அனுப்பும்போது "ஊதக்காத்துல நிக்காத, காதைக் கட்டிக்க" என்று சொல்லும் அம்மாவுக்குத் தான் இரண்டாயிரம் ஆண்டுப் பழஞ்சொல்லைப் பேசுவது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கூதிர் என்ற பருவப் பெயரும் சாகவில்லை. கூதல் என்ற வடிவில், 'கூதலா இருக்கு' என்று கொங்குப் பக்கமும், ஈழத்திலும் உடம்பு நடுக்கத்துக்கு வழங்குகிறது. பருவம் போய் உணர்ச்சி மட்டும் தங்கியிருக்கிறது.

இந்தக் காற்றின் வரவை மனிதர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. புரட்டாசி கடைசியில் மைதானங்களில் மஞ்சளும் செம்மையும் கலந்த தட்டான்கள் கூட்டமாக, உட்காராமல் பறந்துகொண்டே இருப்பதைப் பார்க்கலாம். பிள்ளைகள் தாழப் பறக்கிறதா என்று மழைக்குச் சோதிடம் பார்ப்பார்கள். மலையாளத்தில் இதற்குத் துலாத்தும்பி என்று பெயர். துலாம் என்பது நம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழைக்கே அங்கே துலாவர்ஷம் என்றுதான் பெயர். ஒரு பூச்சிக்கு மாதத்தின் பெயரை வைத்த அந்தக் கவனத்தை மெச்ச வேண்டும். அது வீண் போகவில்லை. மாலத்தீவில் இருந்த கடல் உயிரியல் அறிஞர் சார்லஸ் ஆண்டர்சன், ஆண்டுதோறும் அக்டோபரில் அந்தத் தீவுகளில் இந்தத் தட்டான்கள் லட்சக்கணக்கில் வந்திறங்குவதை 2009இல் எழுதினார். முட்டையிட நன்னீர் அருகிப்போன பவளத்தீவுக்கு இவை ஏன் வருகின்றன? வழியில் இளைப்பாறத்தான். இந்தியாவிலிருந்து கிளம்பி, உயரத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்றில் ஏறிக்கொண்டு, இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்பது அவர் முடிவு. நக்கீரர் பாட்டில் வீட்டுக்குள் எல்லாரையும் முடக்கிய அதே திசைக் காற்று, விரல் நீளப் பூச்சிக்குக் கப்பலாகிறது.

ஆறுமணிக்குருவியும் இந்தக் காற்றோடு வருகிற விருந்தாளி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபரில் ராத்திரி ராத்திரியாகப் பறந்து தெற்கே வரும். ஈழம் வரைக்கும் போகும். பச்சை முதுகு, வெளிர்மஞ்சள் நெஞ்சு, வாலடியில் ரத்தச் சிவப்பு. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீட்டி அடிப்பதால் இந்தப் பெயர். வந்த புதிதில் பறந்த களைப்பில் காக்கைக்குத் தப்பி, வீட்டுக் குளியலறைக்குள்ளும் கார் நிறுத்துமிடத்திலும் போய் ஒண்டிக்கொள்ளும். கண்டால் கையில் பிடித்துக் கொஞ்ச வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டாக, காகத்துக்கு எட்டாமல் வைத்திருந்து, தெளிந்ததும் செடி மறைவில் விட்டால் போதும்.

வடகிழக்குப் பருவக்காற்று என்று பாடப்புத்தகத்தில் எழுதுவதில் தவறில்லை. விஞ்ஞானத்துக்கு அந்த நீளம் வேண்டும். ஆனால் அதே பக்கத்தில் அடைப்புக்குள்ளாவது வாடை, கொண்டல் என்று போட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நெடுநல்வாடை அந்நியமாக இருக்காது, மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையும் அந்நியமாக இருக்காது. பாடநூல் எழுதுபவர்கள் இதைச் செய்ய வேண்டும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்தப் புரட்டாசி கடைசியில் மொட்டைமாடிக் கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, அது திரும்பிய தேதியைக் குறித்து வையுங்கள். உங்கள் ஊரில் அந்தக் காற்றுக்கு என்ன பெயர் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். வாடை, ஊதை, கூதல், கொண்டல் தவிர வேறு பெயர் கிடைத்தால், ஊர்ப் பெயர், மாதம், திசை மூன்றையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.